கடைசிப் பக்கத்து விளம்பரம்

அந்தப் பெண் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தபோது, சிவரூபினி அடுத்த இதழுக்கான மரண அறிவித்தல்களைப் பக்கத்தில் பொருத்திக்கொண்டிருந்தாள். லண்டன் தோர்ண்டன் ஹீத்தில் ஒரு நகைக்கடைக்கு மேலே இருந்த ஒற்றை அறைதான் 'திசைமுகம்' பத்திரிகையின் அலுவலகம். இரண்டு கிழமைக்கு ஒருமுறை வரும் இலவசப் பத்திரிகை. தமிழ்க் கடை வாசல்களிலும் கோயில் மண்டபங்களிலும் அடுக்கி வைத்திருப்பார்கள். சனம் மரக்கறிப் பையோடு ஒன்றை உருவிக்கொண்டு போகும். சிவரூபினி அதன் ஆசிரியை. பக்கங்களை வடிவமைப்பதும் அவள்தான். குகதாசன் முதலாளி.

"நான் அருமைநாயகி. வால்தம்ஸ்டோவிலயிருந்து வாறன். கொட்வின்ரை தாய்."

சிவரூபினி எழுந்து கதிரையை இழுத்துப் போட்டாள். கொட்வினை அவள் கண்டதில்லை. ஆனால் அந்த முகத்தை நினைவஞ்சலிக்காகத் தன் கையாலேயே வெளிச்சமாக்கிப் போட்டிருந்தாள். பஸ் தரிப்பில் நின்ற பெடியன். யாரோ யாரையோ குறிவைத்துச் சுட்டது அவன்மேல் பட்டது.

அருமைநாயகி கைப்பையிலிருந்து பிளாஸ்டிக் உறை ஒன்றை எடுத்தாள். அதற்குள் கத்தரித்த நினைவஞ்சலி இருந்தது.

"சுவாமிப் படத்தடியில வைப்பம் எண்டு வெட்டினனான். வெட்டிப்போட்டுத் திருப்பிப் பார்த்தன்."

அவளே திருப்பிக் காட்டினாள். கொட்வினின் முகத்துக்குச் சரிபின்னால், பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில், ஒரு கை விசையில் விரல் வைத்துக் கைத்துவக்கைப் பிடித்திருந்தது. 'பொழுதுபோக்குக்கும் விளையாட்டுக்கும்' என்ற வரியில் பாதி கத்தரியோடு போயிருந்தது.

நினைவஞ்சலி வந்த பதினைந்தாம் பக்கத்துக்குப் பின்பக்கம் பதினாறு என்பது பத்திரிகைத் தொழிலில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்த விளம்பரம் கோடைகாலம் முழுக்கக் கடைசிப் பக்கத்தில் வந்துகொண்டிருந்தது. பழகிப்போன கண்ணுக்கு அது துவக்காகவே தெரியவில்லை; நகைக்கடை, சட்டத்தரணி, துவக்குக்கடை என்று வரிசையில் ஒன்று, அவ்வளவுதான்.

"அக்கா, இது எங்கட பிழை. என்ன சொல்லுறதெண்டு தெரியேல்லை."

"நான் சண்டை பிடிக்க வரேல்லை, பிள்ளை. பின்னுக்கு ஒண்டும் இல்லாமல் ஒரு தாளிலை அடிச்சுத் தர ஏலுமோ எண்டு கேக்கத்தான் வந்தனான்."

சிவரூபினி தடித்த தாள் தேடி, ஒருபக்கம் மட்டும் அச்சிட்டுக் கொடுத்தாள். அருமைநாயகி அதை வாங்கிப் பின்பக்கத்தை ஒருமுறை தடவிப் பார்த்தாள். புறப்படுமுன், ஏதோ அப்போதுதான் ஞாபகம் வந்ததைப் போலச் சொன்னாள்:

"அவனுக்குப் பட்டதும் இப்பிடிச் சாமான்தான். கடையில விக்கேக்க வெறும் சத்தம் மட்டும்தான் போடுமாம். வாங்கினவங்கள் அதைக் குண்டு போறமாதிரி மாத்திப்போட்டாங்கள் எண்டு வழக்கு நடக்கேக்க கோட்டில சொன்னவை."

அவள் படி இறங்கிப் போனதும் சிவரூபினி அந்த இதழை எடுத்துக் கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

பின்னேரம் குகதாசன் வந்தார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"கவலைதான், ரூபினி. இனி அந்த ரெண்டும் ஒரே தாளில வராமல் பார்த்துப் போடு."

"நான் அந்த விளம்பரத்தையே நிப்பாட்டச் சொல்லுறன், அண்ணை."

"சட்டம் விடுற யாவாரம். நாங்கள் ஆர் நிப்பாட்ட? நிரூபன் லைசென்ஸ் வைச்சிருக்கிறான், பொலிஸ் வந்து பார்த்துட்டுப் போகுது. எங்கட சனத்துக்குத் துவக்கு என்ன புதுசோ? நாங்கள் அட்டையிலேயே போட்டனாங்கள்."

அது உண்மைதான். சுவரலமாரியில் கட்டிவைத்த போர்க்காலத்துப் பழைய இதழ்களில் துவக்கோடு நிற்கும் இயக்க இளசுகளின் படங்கள் இருந்தன. அன்றைக்கு எவரும் குறை சொல்லவில்லை. படம் சிறிதாக வந்துவிட்டது என்றுதான் தொலைபேசியில் கோபித்தார்கள். அந்தப் படங்களில் நின்றவர்களில் சிவரூபினியின் மச்சாளும் ஒருத்தி. அவள் திரும்பி வரவில்லை. அதைப் பற்றிக் குகதாசனோடு வாதாட அவளுக்கு மனமில்லை.

"இஞ்சத்தை வெள்ளைக்காரப் பேப்பரே போடுறதில்லை, அண்ணை. கத்தி விளம்பரமும் எடுக்கமாட்டம் எண்டு எழுதிப் போட்டிருக்கு. நாங்கள் மட்டும் எதுக்குக் கடைசி ஆளா நிக்கோணும்?"

"அப்ப கடைசிப் பக்கத்தை ஆர் நிரப்புறது?"

"வெறும் பக்கமா விட்டாலும் நான் சந்தோசமாப் படுப்பன். அது வந்தால் நான் இனிப் பக்கம் கட்ட மாட்டன்."

பத்து வருடத்துக்கு மேலாக அவளோடு வேலை செய்தவர். அவள் குரல் உயராமல் பேசினால் அது முடிவு என்பது அவருக்குத் தெரியும். முணுமுணுத்துக்கொண்டே நிரூபனுக்குத் தொலைபேசி எடுத்தார்.

மறுநாள் நிரூபனே நேரில் வந்தான். நாற்பது வயதுக்காரன், வெளிப்புற லண்டனில் காற்றுத்துவக்கும் விளையாட்டுத்துவக்கும் விற்கும் கடை வைத்திருந்தான். கிழமை முடிவுகளில் கென்ற் பக்கம் போய், விளையாட்டாக மேலே எறியும் களிமண் தட்டுகளைச் சுடுவான். வன்னியில் துவக்குக்கு ஒளித்துத் திரிந்த பெடியன், இங்கே அதைச் சட்டப்படி தோளில் வைக்கிறான் என்பதில் அவனுக்கு ஒரு பெருமை இருந்தது.

"அக்கா, என்னைக் கொலைகாரன் எண்டு சொல்லுறீங்களோ?"

"இல்லை, நிரூபன். உங்களை நான் ஒண்டும் சொல்லேல்லை."

"காரில அடிபட்டுச் சனம் சாகுது. கார் விளம்பரம் போடுறீங்கள். நான் வயசு பாத்து, ஆள் பாத்துத்தான் குடுக்கிறன். எவனோ ஒருத்தன் கொண்டுபோய் அதை மாத்தினால் நான் என்ன செய்ய?"

சிவரூபினி கொட்வினின் தாய் வந்து கேட்டதை மட்டும் சொன்னாள். கோட்டில் சொன்னது வெறும் சத்தம் மட்டும் போடும் வகைத் துவக்கு என்பதையும் சொன்னாள். அந்த வகை அவனுடைய கடைக் கண்ணாடிப் பெட்டியில் இருந்தது. விளம்பரத்தில் இருந்ததும் அதுதான்.

"எத்தினையோ கடையில விக்கினம்," என்று சொல்லிவிட்டுப் போனான்.

அடுத்த இதழின் முதற்பக்கத்தில், துவக்கு, போலித் துவக்கு, கத்தி விளம்பரங்களை இனி ஏற்பதில்லை என்று சிவரூபினி சில வரிகள் எழுதினாள். காரணத்தையும் ஒளிக்கவில்லை. சிலர் வாழ்த்தினார்கள். சிலர் ஏசினார்கள், தமிழன் ஒருத்தன் முன்னேறினால் தமிழனுக்கே பொறுக்காது என்று ஒருவர் நீளமாகக் கத்தினார். நிரூபன் தன் விளம்பரத்தைக் கிழக்கு லண்டனின் பார்க்கிங் பகுதியிலிருந்து ஒலிபரப்பாகும் தமிழ் வானொலிக்குக் கொண்டுபோனான். காலை நிகழ்ச்சிக்கு நடுவில், வெடிச்சத்தம் ஒன்றோடு அது போகத் தொடங்கியது.

காலை நிகழ்ச்சியை நடத்தும் கிறிஸ்துராஜா சிவரூபினிக்குத் தெரிந்தவர். பத்திரிகை ஏன் நிறுத்தியது என்று வானொலியில் வந்து பேசும்படி கேட்டார். தான் பேசுவதைவிட அருமைநாயகியைக் கேட்கலாம் என்றாள் அவள். தாய் சம்மதிப்பாள் என்று இருவருமே எதிர்பார்க்கவில்லை. அவள் சம்மதித்தாள், ஆனால் துவக்கைப் பற்றித் தான் பேசமாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

அந்த நிகழ்ச்சி நாளன்று காலை, வானொலி கேட்பதற்காகவே குகதாசனும் அலுவலகத்துக்கு நேரத்தோடு வந்திருந்தார். அருமைநாயகி மகனைப் பற்றி மட்டும் பேசினாள். கொட்வின் கோப்பை கழுவச் சொன்னால் கரண்டியை மட்டும் விட்டுவிடுவான் என்றாள். தங்கச்சி பெனிற்றாவுக்குக் கார் ஓட்டப் பழக்குவேன் என்று சொல்லித் தானே மூன்றுமுறை சோதனையில் தவறினான் என்றாள். சொல்லும்போது சிரித்தாள். கிறிஸ்துராஜாவும் சிரித்தார். பிறகு, ஒரு நேயர் அழைப்பில் இருப்பதாகச் சொன்னார்.

"வணக்கம். நான் நிரூபன். உங்கட ரேடியோவில விளம்பரம் போற கடை என்ரைதான்."

குகதாசன் சிவரூபினியைப் பார்த்தார். அவள் சத்தத்தைக் கூட்டினாள்.

"அம்மா, ரெண்டு கிழமையா யோசிச்சுப் பாக்கிறன். அது என்ரை கடையில வித்ததில்லை எண்டு சொல்லத்தான் எடுத்தனான். ஆனா எனக்குத் தெரியாதம்மா. வித்தனோ இல்லையோ எண்டு எனக்குத் தெரியாது."

"தம்பி," என்றாள் அருமைநாயகி. "கோட்டில எல்லாரும் தங்களுக்குச் சம்பந்தம் இல்லை எண்டுதான் சொன்னவை. தெரியாது எண்டு சொன்ன ஆள் நீங்கள் ஒராள்தான்."

"மன்னியுங்கோம்மா எண்டு கேக்கிறதுக்கும் எனக்கு…"

"கேக்க வேண்டாம். கேட்டால் நான் ஏதாவது சொல்லோணும். இப்ப என்னட்டை ஒண்டும் இல்லை. கடைக்குப் போங்கோ."

தொடர்பு அறுந்தது. கிறிஸ்துராஜா பாட்டு எதுவும் போடாமல் செய்திக்குப் போனார்.

அன்று மத்தியானத்துக்குப் பிறகு வெடிச்சத்தம் வானொலியில் வரவில்லை. நிறுத்தியது வானொலியா நிரூபனா என்று சிவரூபினி விசாரிக்கவில்லை. அந்த வகைத் துவக்குகளை அவன் கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுத்துப் பொலிஸில் ஒப்படைத்துவிட்டான் என்று பிறகு கேள்விப்பட்டாள். கடையை மூடவில்லை. இப்போதும் காற்றுத்துவக்கு விற்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் தட்டுச் சுடப் போகிறான். வழியில் கண்டால் தலையாட்டுவான், நின்று கதைக்கமாட்டான். அவனைக் குறை சொல்ல அவளால் ஏலவில்லை.

கடைசிப் பக்கம் இரண்டு இதழ்களுக்கு வெறுமையாகவே போனது. மூன்றாவதில் ஒரு பல் வைத்தியர் அதை எடுத்துக்கொண்டார். குகதாசன் ஒப்பந்தத்தை மேசையில் வைத்துவிட்டு, "இதுக்கு ஒண்டும் சொல்லமாட்டாய்தானே?" என்று கேட்டார்.

சிவரூபினி படத்தைப் பார்த்தாள். வெள்ளைப் பற்களோடு ஒரு குடும்பம் சிரித்துக்கொண்டிருந்தது.

"இல்லை, அண்ணை," என்றாள். "ஆனால் பின்னுக்கு என்ன வருதெண்டு பாத்துட்டுத்தான் போடுவன்."