தர்பார் படுதா

வடிவு, உனக்கு மட்டும் சொல்கிறேன். வீட்டில் எல்லோரும் படுத்துவிட்டார்கள்; நான் மட்டும் விளக்கை வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நாளைக்குக் கோவில்பதாகை ஊரில் நாடகம் இல்லையா? அதில் தர்பார் காட்சிக்கு மேடைக்குப் பின்னால் தொங்கும் படுதா எழுத ஒப்புக்கொண்டது அண்ணன் கோதண்டம். பாதி எழுதியபோதே, சாவடிச் சுவரில் 'வெள்ளையனே வெளியேறு' என்று எழுதியதாக அவனை இன்ஸ்பெக்டர் பிடித்துப்போய்விட்டார். பதினொரு நாள் லாக்கப். வழக்கும் கிடையாது, விசாரணையும் கிடையாது. அம்மா தினமும் ஸ்டேஷன் வாசலில் போய் நின்றாள். ராத்திரிச் சோற்றைத் தொடவே இல்லை.

மீதியை நான்தான் எழுதினேன். சிம்மாசனத்தில் ஒரு பல்லவ ராஜா. கீழே சங்கிலி பூட்டிய பையன். அவனுக்காகக் கையேந்தும் தாய். தாய்க்கு எங்கள் அம்மாவின் முகம் தானாக வந்தது. ராஜாவுக்கு இன்ஸ்பெக்டரின் முகம். அது தானாக வரவில்லை.

இன்று காலை, நாடகத்துக்கு அனுமதி கொடுக்குமுன் படுதாவைப் பார்க்க அவரே வந்துவிட்டார். கூட வந்த கான்ஸ்டபிள் துலுக்கானம் சும்மா இருந்திருக்கலாம்.

"ஐயா, ராஜா உங்க ஜாடையாவே கீறாரு!"

இன்ஸ்பெக்டர் மீசையை நீவிக்கொண்டு சிரித்தார். பிறகு படத்தில் இருந்த தாயைப் பார்த்தார், கதவோரம் நின்ற அம்மாவைப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது.

"ஏ பொண்ணு, ஊரே பாக்கும். அந்தச் சங்கிலிய அழிச்சுடு."

அம்மாதான் முன்னால் வந்தாள். "அழிப்பா சாமி. மொதல்ல எம்புள்ளைய நீங்க அவுத்து உடுங்க, அப்பால இவ அழிக்கட்டும்."

கோபத்தில் அவர் படுதாவைக் கிழித்தால் நாடகம் நின்றுபோகும். நாடகத்துக்குத் தலைமையே அவர்தான், நோட்டீசில் பெயர் போட்டாகிவிட்டது. தொப்பியை மாட்டிக்கொண்டு போனார்.

சாயங்காலம் அண்ணன் வந்துவிட்டான்! அம்மா மூன்று தரம் சோறு போட்டுக்கொண்டு சாப்பிட்டாள்.

சொன்னபடி சங்கிலிமேல் சதை நிறம் பூசினேன். ஈரத்தில் மறைந்தது, காய்ந்ததும் அடியிலிருந்த கறுப்பு ஊறி மேலே வந்துவிட்டது. மூன்று பூச்சு பூசியாயிற்று, இன்னும் தெரிகிறது. நாளைக்கு அவர் முன்வரிசையில் உட்காருவாரே!

அண்ணனை எழுப்பிக் காட்டினேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "உட்றி வல்லி. அந்தாளு ராஜா மூஞ்சியத்தான் பாத்துகினு இருப்பான்" என்று சொல்லி மறுபடி படுத்துவிட்டான்.

அம்மா கண்ணைத் திறக்காமலே கத்தினாள்: "வெளக்க அணைடி! காலைல நேரத்தோட போயி எடம் புடிக்கணும்."