நாற்பதுக்கு வாங்கிய களிம்பு

சகலை ரம்பக்காரருக்குத் தர வேண்டியது சரியாக ஆறாயிரத்து நாற்பது. ஆறாயிரம், பழைய வண்டி ஒன்று வாங்கக் கைமாற்றாகக் கொடுத்தது. நாற்பது, ஒரு களிம்புக் குழாயின் விலை.

"ஆறாயிரத்தோட விட்டா குறைஞ்சா போயிடுவீங்க? நாற்பதையுமா சேர்ப்பாங்க?" என்று மனைவி கேட்டாள்.

"ஊர்ல உள்ள மரத்தையெல்லாம் நாந்தான் அறுக்கிறேன். ஒரு மரத்துலயும் காசு காய்க்கலடி."

ரம்பக்காரர் என்றால்தான் அவரை எல்லோருக்கும் தெரியும். மின்கம்பிக்கு அடியில் வளரும் மரத்தையும் புதரையும் அறுத்துத் தள்ளும் வேலை. மனைவியின் தங்கையைக் கட்டிய சகலையும் அதே கூட்டத்தில்தான் இருந்தான். அவர் அறுத்துப் போடுவதை இழுத்துக் குவிப்பது அவன் வேலை.

சகலை மேல் அவருக்கு வயிற்றெரிச்சல் தொடங்கியது அவன் கல்யாணத்தன்றே. அவனுக்கு முடி கொட்டவில்லை. அவன் ஒன்று சொன்னால் நாலு பேர் சிரித்தார்கள், அதையே இவர் சொன்னால் "என்ன?" என்று திருப்பிக் கேட்டார்கள். மாமியார் வீட்டில் அவன் தட்டுக்கு நிறைந்து வரும் கரண்டி, இவர் தட்டுக்கு வரும்போது பாத்திரத்தின் அடியைச் சுரண்டும்.

இப்போது நோயிலும் அவனுக்குத்தான் யோகம். புதருக்குள் உண்ணி கடித்து லைம் நோயாம். ஒருநாள் வேலைக்கு நடுவே மயங்கி விழுந்தான். ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் வைத்திருந்து அனுப்பினார்கள். வேலையில் வந்த நோய் என்பதால் முழுச் சம்பளம் வீட்டுக்கே வந்தது. தினமும் ஒரு நர்ஸ் வந்து ஊசிக்குழாய் வழியாக மருந்து ஏற்றிவிட்டுப் போனாள். சாயங்காலமானால் இவர் மனைவியும் தங்கைக்கு ஒத்தாசை என்று அங்கே கிளம்பிவிடுவாள். இவர் உடம்பெல்லாம் மரத்தூளோடு வந்து, ஆறிப்போனதைத் தானே சூடு பண்ணித் தின்பார்.

பொறுக்க முடியாமல் மேஸ்திரியிடம் வாய்விட்டார்.

"நல்லா நடமாடுறான். ஜன்னல்கிட்ட உக்காந்து தெருவ வேடிக்கை பார்க்கிறான். நானே பார்த்தேன்."

மேஸ்திரி கையிலிருந்த கயிற்றைக் கீழே போட்டார். "அப்ப நடிக்கிறானா? நீங்க சொந்தக்காரர், நீங்க சொன்னா ஆபீஸ்ல கேப்பாங்க. சம்பளத்த நிறுத்திடலாம். ஆனா யோசிச்சு நாளன்னைக்கு உறுதியா சொல்லுங்க. அப்புறம் மாத்திப் பேசக் கூடாது."

மறுநாள் சாயங்காலம் ரம்பக்காரர் சகலை வீட்டுக்குப் போனார். கடனைக் கேட்பது போல ஆளை நோட்டம் விடலாம் என்று கணக்கு.

சகலை சாய்வு நாற்காலியில் இருந்தான். திரைச்சீலைக் கம்பியில் மருந்துப் பை தொங்கியது. சட்டை சலவை மடிப்போடு இருந்தது. 'மாப்பிள்ளை மாதிரி உக்காந்திருக்கான் பாரு' என்று நினைத்தபடி உட்கார்ந்தார்.

"வாங்கண்ணே," என்றான். வார்த்தை ஒரு பக்கமாகச் சரிந்து வந்தது. பாதி முகம் சிரித்தது, மறுபாதி யாரோ சொல்வதைக் கேட்டுக்கொண்டிருப்பது போலச் சும்மா இருந்தது. கொழுந்தியாள் தேநீர் கொடுத்தாள். அவன் குடித்ததில் பாதி கடைவாய் வழியாக வழிந்தது. அவள் முந்தானையால் துடைத்துவிட்டு, துடைத்த இடத்தை விரலால் ஒரு தடவை தடவினாள்.

அதையும் பார்த்தார். தன் வாயை இத்தனை வருஷத்தில் யாரும் துடைத்ததில்லை என்றுதான் முதலில் தோன்றியது.

"அண்ணே, பேன்ட்டைத் தூக்குங்க."

"எதுக்குடா?"

"முட்டிக்குப் பின்னாடி பாக்கணும். அங்கதான் அந்த சனியன் ஒளிஞ்சுக்கும். இங்க வர்ற ஆள் ஒருத்தரையும் நான் விடுறதில்ல. பால்காரரையே விடல."

"பால்காரருக்குக் கூச்சமே போயிடுச்சு அத்தான்," என்று கொழுந்தியாள் சிரித்தாள். "இப்பல்லாம் வாசல்லயே தூக்கிட்டுத்தான் உள்ள வர்றாரு."

வேண்டாவெறுப்பாகத் தூக்கினார். சகலை குனிந்து பார்த்தான். சிரிப்பு நின்றுவிட்டது.

"நாளைக்குக் காலையில டாக்டர்கிட்ட போங்கண்ணே. எனக்கு வந்த அதே வளையம்."

கண்ணாடியில் திரும்பித் திரும்பிப் பார்த்தார். உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்த வட்டம், நடுவில் வெளுப்பு. யாராக இருந்தாலும் பயந்திருப்பார்கள். ரம்பக்காரருக்கு மனசுக்குள் மேளம் கொட்டியது. கடைசியில் தன் முறையும் வந்துவிட்டது! ஜன்னலோர நாற்காலி, தொங்கும் மருந்துப் பை, முழுச் சம்பளம். மனைவி இனி எங்கே கிளம்புகிறாள் என்று பார்ப்போம்.

காலையில் மாற்றுத்துணி, சீப்பு, சோப்பு எல்லாவற்றையும் பையில் அடைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். டாக்டரம்மா வளையத்தைப் பார்த்தாள், இரண்டு கேள்வி கேட்டாள், மாத்திரை எழுதினாள்.

"பத்து நாள், காலையும் ராத்திரியும். நிறைய தண்ணி குடிச்சு முழுங்குங்க, முழுங்கினதும் படுத்துடாதீங்க. இந்த மாத்திரைக்கு வெயில் பட்டா தோல் பொரிஞ்சிடும், முழுக்கை சட்டையும் தொப்பியும் போட்டுக்கங்க."

"எந்த வார்டு டாக்டர்?"

"வார்டா? வேலைக்கே போகலாம்."

"நர்ஸ் வீட்டுக்கு..."

"நர்ஸ் எதுக்குங்க? அந்தப் பையில என்ன?"

பையைக் காலுக்குப் பின்னால் தள்ளினார். "என் சகலைக்கு மட்டும் தினம் ஊசி ஏத்துறீங்களே டாக்டர்."

"அவரா?" அவள் பேனாவை மூடினாள். "அவர் வளையம் தெரிஞ்சப்பவே வந்திருந்தா இதே மாத்திரையோட முடிஞ்சிருக்கும். யாரோ படர்தாமரைன்னு சொல்லிக் களிம்பு குடுத்திருக்காங்க. வளையம் தானா மறைஞ்சிடுச்சு, நோய் உள்ள போயிடுச்சு. முகம், அப்புறம் இதயம். துடிப்பு குறைஞ்சுதான் விழுந்தார். அரிப்பே இல்லன்னு அவர் சொல்லியும் அந்தப் புத்திசாலி கேக்கலையாம்."

மாத்திரைச் சீட்டை நாலாக மடித்துப் பைக்குள் செருகினார்.

சில வாரம் முன்பு மரத்தடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சகலை இடுப்பில் இருந்த வளையத்தைத் திறந்து காட்டியது கண்முன் வந்தது. "அரிக்கல அண்ணே," என்றானே. "எனக்குத் தெரியாதாடா? இதைத் தடவு," என்று தன் களிம்பை எடுத்து நீட்டியது அவர்தான். "நாற்பது. கணக்குல வச்சுக்கிறேன்," என்றதும் அவர்தான்.

பையோடு நேரே வேலையிடத்துக்கு நடந்தார். மேஸ்திரி ஓரமாக அழைத்தார். "சொல்லுங்க. நடிப்பா, நிஜமா?"

"நிஜம்," என்றார். "தேநீர் குடிச்சா வழியுது. நான் சொன்னது வயித்தெரிச்சல்ல சொன்னது."

"நல்லவேளை, ஆபீஸ்ல வாயைத் திறக்கல. அது என்ன பை? ஊருக்கா?"

"சோப்பு," என்றார் ரம்பக்காரர்.

பத்து நாளும் முழுக்கைச் சட்டை, தொப்பியோடு மரம் அறுத்தார். "கல்யாணப் பொண்ணு முகத்த மூடிக்கிட்டு வருது!" என்று கூட்டம் கேலி செய்தது. வளையம் மங்கி மறைந்தது. சாயங்காலம் மனைவியோடு அவரும் சகலை வீட்டுக்குப் போகத் தொடங்கினார். போய் ஒன்றும் செய்யவில்லை. தேநீர் டம்ளரைப் பிடித்துக்கொள்வார், அவ்வளவுதான்.

முகம் முக்கால்வாசி நேரானதும் சகலை ஒருநாள் தானே நடந்து வந்தான். மடித்த பணத்தை நீட்டினான். "நின்னுபோகாம வந்த சம்பளம்ணே. ஆறாயிரத்து நாற்பது. எண்ணிக்கங்க."

ரம்பக்காரர் எண்ணினார். ஆறாயிரத்தைச் சட்டைப் பையில் வைத்தார். நாற்பதை அவன் பக்கம் தள்ளினார்.

"இது வேண்டாம்."

"கணக்குன்னா கணக்குண்ணே."

"வேண்டாம்னா விடுடா. அந்தக் களிம்பு கணக்குல இல்ல."

அந்தக் களிம்பு செய்த வேலை சகலைக்குத் தெரிந்தே இருந்தது, டாக்டரம்மாவிடம் அதைக் கொடுத்தவர் பெயரை மட்டும் அவன் சொல்லவில்லை. பணத்தை எடுத்துக்கொண்டு சிரித்தான். கோணிய சிரிப்புதான். அதுவும் அவனுக்கு எடுப்பாகத்தான் இருந்தது, பாவி.