மடிப்புக்குள் ஒரு மாடு

ஏப்ரல் மூன்றாம் தேதி, வியாழக்கிழமை காலை, ஆற்றுப்பாலத்துக்கு அடுத்த தெருவில் இருக்கும் துணி அச்சுப் பட்டறைக்கு, குழந்தைகள் வார்டுக்கான திரைச்சீலை மாதிரி இரண்டாம் முறையாகத் திரும்பி வந்தது. மருத்துவமனையின் கொள்முதல் பிரிவு ஒரே வரி எழுதியிருந்தது: "நன்றாக இருக்கிறது, ஆனால் எங்கேயோ பார்த்ததுபோல் இருக்கிறது."

மாதிரியை வரைந்தவளைப் பட்டறையில் பூக்காரி என்று கூப்பிடுவார்கள். பூ விற்பவள் அல்ல. போர்வைக்கும் தலையணை உறைக்கும் குளியலறைத் திரைக்கும் பூவும் கொடியும் வரைகிறவள். முதல் மாடியில், ஜன்னலோரத்தில், பல வருடமாக அதே மேஜை. கீழ்த்தளத்தில் இயந்திரம் ஓடும்போது அவளுடைய தேநீர்க் கோப்பை மெல்ல நகர்ந்து மேஜை விளிம்புக்கு வந்துவிடும். அவள் நிமிர்ந்து பார்க்காமலே கையை நீட்டி அதை உள்ளே தள்ளுவாள்.

பட்டறை முதலாளியை எல்லோரும் அக்கா என்பார்கள், அவரைவிட வயதில் மூத்தவர்கள் உட்பட. அக்கா திரும்பி வந்த துணியை மேஜைமேல் விரித்து நீவிவிட்டார்.

"கோவிச்சுக்காதே. எனக்கும் அப்படித்தான் தோணுது. இந்த யானை, இந்த பலூன், இந்த மேகம், எல்லாமே பழகின மூஞ்சியா இருக்கு."

"யானைன்னா யானை மாதிரிதானே அக்கா இருக்கும்?"

"இருக்கும். ஆனா இது உலகத்துல உள்ள எல்லா யானையையும் மிக்ஸியில போட்டு அரைச்சு எடுத்த யானை."

பூக்காரிக்குச் சிரிப்பு வந்தது. அடுத்து வந்த பேச்சில் அது நின்றுவிட்டது.

"அடுத்த வெள்ளிக்கிழமை கடைசியா ஒரு தடவை பார்க்கறோம்ங்கறாங்க. அதுவும் சரிப்படலைன்னா, நெட்ல டிசைன் விக்கிறாங்க இல்ல, அதுல ஒண்ணை வாங்கிப் போட்டுடலாம்னு இருக்கேன். நீ கலர் மட்டும் பார்த்துக்கோ. இனிமே வர்ற வேலைக்கும் அப்படியே வெச்சுக்கலாம். உனக்கும் தலைவலி மிச்சம்."

சம்பளத்தில் கை வைக்கமாட்டேன் என்றும் அக்கா சொன்னார். நல்ல மனதோடுதான் சொன்னார். நாற்காலி இருக்கும், மேஜை இருக்கும், நகர்கிற கோப்பையும் இருக்கும். வரைகிற வேலை மட்டும் இருக்காது. பூக்காரிக்கு அது புரிந்தது.

இந்தத் தலைவலி எப்போது தொடங்கியது என்று அவளுக்குத் தெரியும். சில வருடங்களுக்கு முன்பு நல்ல திரையுள்ள ஒரு போன் வாங்கினாள். அதற்கு முன் வெள்ளைத் தாளின் முன்னால் உட்கார்வாள், பென்சிலைக் கடிப்பாள், வரைவாள். போன் வந்த பிறகு தேநீர் குடிக்கும் நேரத்தில் உலகத்தார் வரைந்ததைப் பார்க்கத் தொடங்கினாள். பிடித்ததைச் சேமித்தாள். இலைக்கு ஒரு தொகுப்பு, இறகுக்கு ஒன்று, மீனுக்கு ஒன்று, மீன் நிரம்பிவிட்டதால் 'மீன் புதுசு' என்று இன்னொன்று. 'கண்டிப்பா' என்று பெயர் வைத்த தொகுப்பில் ஆயிரக்கணக்கான படங்கள் சேர்ந்திருந்தன. அவ்வளவையும் கண்டிப்பாக என்ன செய்வது என்று அவளுக்கே தெரியாது.

படத்தோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. அறிவுரைகளும் வந்தன. நிறத்தில் தொடங்கு என்றார் ஒருவர். நிறத்தைக் கடைசிவரை தொடாதே என்றார் இன்னொருவர். இந்த வருடத்தின் நிறம் செங்கல் என்று படித்து, கீழே போய்ச் செங்கல் நிறத்தைக் கலக்கச் சொன்னாள். அது காய்ந்து வருவதற்குள் வேறொருவர் செங்கல் பழசாகிவிட்டது என்று அறிவித்திருந்தார். ஒரு இலை வரைவாள். இதைவிட நல்ல இலையை யாராவது வரைந்திருப்பார்களே என்று தோன்றும். தேடினால் வரைந்திருப்பார்கள். அழித்துவிடுவாள். அவளுடைய ரப்பர்தான் இந்தக் காலத்தில் அதிகம் உழைத்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து 'கண்டிப்பா'வைப் புரட்டினாள். ஒரு படத்தில் விரல் நின்றது. நீலப் பின்னணியில் கீழ்நோக்கித் தொங்கும் கொடி. யாரோ கூப்பிட்டதும் பாதி திரும்பிப் பார்த்ததுபோன்ற இலைகள். கீழே அவளுக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் ஒரு பெயர். அத்தனை படங்களிலும் இதுதான் அவளை உட்கார வைத்தது. இதை அப்படியே எடுக்கப்போவதில்லை, போக்கை மட்டும் பிடித்துக்கொள்ளலாம் என்று எல்லோரும் தங்களுக்குச் சொல்லிக்கொள்வதை அவளும் சொல்லிக்கொண்டாள். படத்தைத் தாளில் அச்செடுத்து, மேலே மெல்லிய தாளை வைத்துக் கோடு கோடாகத் தொடர்ந்தாள்.

துணியில் ஒரே படம்தான் திரும்பத் திரும்ப வரும். ஒன்றின் வலது ஓரமும் அடுத்ததன் இடது ஓரமும் சேருமிடத்தில் கோடுகள் பிசகாமல் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் ஒட்டுப்போட்டது தெரிந்துவிடும். இந்தப் படத்தில் ஓரிடத்தில் காம்பு பொருந்தவில்லை. அந்த இடத்தை மறைத்துக்கொண்டு ஒரு புள்ளி வண்டு உட்கார்ந்திருந்தது.

"என்னங்க, இங்க வந்து பாருங்களேன்," என்றாள்.

அவள் கணவன் லிஃப்ட் மெக்கானிக். வாரம் முழுக்க ஊராரின் லிஃப்டுகளைச் சரிசெய்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக் குழாயோடு சண்டை போடுவான். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான்.

"இதை வரைஞ்சவங்களும் என்னை மாதிரியே ஃபிராடு. சேர்ற இடத்துல தப்பு பண்ணிட்டு மேல வண்டை உக்கார வெச்சிருக்காங்க."

அவன் தாளைப் பார்த்தான். தலைகீழாகத் திருப்பிப் பார்த்தான்.

"இது நம்ம வாஷிங் மெஷின் மேல கிடக்குற துணிதானே?"

"எது?"

"மெஷினுக்கு மூடி வெச்சிருக்கமே. இதுக்குப் போயி எதுக்கு போனு, பிரிண்ட்டு எல்லாம்? கேட்டா எடுத்துக் குடுத்திருப்பேனே."

பின்கட்டுக்குப் போய்ப் பார்த்தார்கள். வாஷிங் மெஷினின்மேல், சோப்புத்தூள் டப்பாவுக்கும் கிளிப்புக் கூடைக்கும் அடியில், வெளுத்துப்போன ஒரு குளியலறைத் திரையின் மிச்சத் துண்டு. பச்சைப் பின்னணி. கொடி மேல்நோக்கி ஏறியது. காம்பு பொருந்தாத இடத்தில் வண்டு இருந்தது. எப்போதோ பட்டறைக்காக அவளே வரைந்ததுதான். யாரோ நிறத்தை மாற்றி, தலைகீழாக்கி, தன் பெயரில் போட்டிருந்தார்கள்.

"திருட்டுப்பய," என்றான் கணவன்.

"அவனை விடுங்க. என்னைச் சொல்லுங்க. தினம் துணி துவைக்கிறேன். கண்ணுல படலையே."

"உன் துணின்னா உனக்கு எப்படிக் கண்ணுல படும்?"

அவன் ஒன்றும் பெரிதாகச் சொல்ல நினைக்கவில்லை. குழாயைப் பார்க்கப் போய்விட்டான். அவள் கிளிப்புக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தாள். முதலில் கோபம் வந்தது, பிறகு சிரிப்பு. அதன் பிறகு ஒரு கணக்குத் தோன்றியது. ஆயிரக்கணக்கான படங்களில் அவள் மனம் தேர்ந்தெடுத்தது அவளுடையதையே. யாரோ வரைந்தது என்று நினைத்தபோது அழகாக இருந்தது. தன்னுடையது என்று தெரிந்ததும் அசிங்கமாகிவிட்டதா என்று மறுபடி பார்த்தாள். ஆகவில்லை.

அதையே வெள்ளிக்கிழமை அனுப்பிவிடலாம். அவளுடையதுதானே, யாரும் கேட்க முடியாது. ஆனால் அது குளிக்கிறவர்களுக்காக வரைந்தது. படுத்திருக்கும் குழந்தைகளுக்கு அல்ல. அப்போதுதான், அந்த வார்டை இதுவரை தான் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை என்பது அவளுக்கு உறைத்தது.

அவளுடைய நாத்தனார் அதே வார்டில் நர்ஸ். திங்கட்கிழமை மாலை, பார்வையாளர் நேரத்தில், அண்ணியை உள்ளே கூட்டிப்போனாள்.

"போனை இந்த லாக்கர்ல வெச்சிடுங்க அண்ணி. இங்க எடுக்கக் கூடாது, பிள்ளைங்க படம் விழுந்திடும்."

"கர்ட்டனை மட்டும் எடுத்துக்கறேனே?"

"கர்ட்டனுக்குப் பின்னாடி யாரு இருக்கான்னு கர்ட்டனுக்கே தெரியாது. வைங்க."

ஒரு கட்டில் காலியாக இருந்தது. "செருப்பைக் கழட்டிட்டுப் படுங்க. சூப்பர்வைசர் வந்தா ஊசி போட்டுடுவாங்க, அதுக்கு நான் பொறுப்பில்ல," என்று சொல்லிவிட்டு நாத்தனார் மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள்.

பூக்காரி மல்லாந்து படுத்தாள். அடுத்த கட்டிலில் காலில் மாவுக்கட்டோடு படுத்திருந்த சிறுமி தலையைத் திருப்பினாள்.

"உங்களுக்கு என்ன நோவு?"

"ஒண்ணுமில்ல. கர்ட்டனைப் பார்க்க வந்தேன்."

"நான் நாள் பூரா பார்க்கறேன். அதுல ஒண்ணுமே இல்ல."

உண்மைதான். வெறும் வெளிர்பச்சைத் துணி. ஆனால் அது தட்டையாக இல்லை. நாளின் பெரும்பகுதி கம்பியின் ஓரத்தில் ஒதுங்கி மடிப்பு மடிப்பாக நின்றது. டாக்டர் வரும்போது மட்டும் இழுத்தார்கள், போனதும் தள்ளினார்கள். படுத்திருப்பவருக்கு மடிப்புகளின் நெற்றி மட்டும் தெரிந்தது. மடிப்புக்கும் மடிப்புக்கும் நடுவிலிருந்த துணி உள்ளே இருட்டில் போய்விட்டது. போனில் அவள் சேர்த்து வைத்த அத்தனை படங்களும் தட்டையானவை. பட்டறையில் மாதிரியை விரித்துப் பார்ப்பதும் தட்டையாகத்தான். இங்கே தட்டையாக இருந்தது கூரை மட்டும்.

ஒரு மாடு வரைந்தால், முகம் ஒரு மடிப்பிலும் வால் அடுத்த மடிப்பிலும் விழுந்தால், ஒதுக்கி வைக்கும்போது அது சாதாரண மாடு. இழுத்தால் உள்ளே ஒளிந்திருந்த வயிறு வெளியே வரும். வயிறு எவ்வளவு நீளமாகவும் இருக்கலாம். அதில் ஜன்னல் வைக்கலாம். ஜன்னலில் ஆட்கள் உட்காரலாம்.

படம் பிடிக்க போன் இல்லாததால், நாத்தனாரிடம் ஒரு காலி எக்ஸ்ரே உறை வாங்கி அதன் பின்பக்கத்தில் வரைந்தாள். மடிப்புக்கும் மடிப்புக்கும் உள்ள தூரத்தைச் சாணால் அளந்துகொண்டாள். சிறுமி எட்டிப் பார்த்து, மாட்டுக்கு டிரைவர் யார் என்று கேட்டாள்.

வீட்டுக்கு வரும் வழியில், மடிப்புக்குள் படம் ஒளித்து வைப்பதை யாராவது ஏற்கனவே செய்திருக்கிறார்களா என்று பார்க்கப் போனை எடுத்தாள். கட்டை விரல் தேடும் பெட்டியின்மேல் நின்றது. செய்திருந்தால் இதை விட்டுவிடுவாள். செய்யவில்லையென்றால், ஏன் யாரும் செய்யவில்லை என்று பயந்து விட்டுவிடுவாள். எப்படிப் பார்த்தாலும் மாடு செத்துவிடும். வீட்டுக்கு வந்ததும் போனைக் கணவனிடம் நீட்டினாள்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் உங்ககிட்டயே இருக்கட்டும்."

"யாராவது கூப்பிட்டா?"

"பூக்காரி மாடு மேய்க்கப் போயிருக்கான்னு சொல்லுங்க."

மறுநாள் மாலை அவன் களைத்துப்போய் வந்தான். "உங்க அம்மா கூப்பிட்டாங்க. லிஃப்டுக்கு மேல உக்காந்துக்கிட்டு முழுசாக் கேட்டேன். உங்க சித்தப்பா முட்டிவலி இப்ப எனக்கு மனப்பாடம்."

அவள் வரைந்துகொண்டிருந்தாள். ஜன்னல் வைத்த மாடு, படிக்கட்டு வைத்த கோழி, துவைத்த துணி காயும் ஒட்டகம். ரப்பர் மேஜையில் சும்மா கிடந்தது. பகலில் பட்டறையிலும் வரைந்துகொண்டே இருந்தாள்; அங்கே கோப்பை விளிம்புக்கு வந்தபோது இருமுறை கீழே விழுந்து உடையப் பார்த்தது, மூன்றாம் முறை விழுந்தது.

வியாழக்கிழமை மாதிரி அச்சாகி, கொக்கி தைத்து, கம்பியில் மாட்டிப் பார்த்தார்கள். கீழ்த்தளத்தில் எல்லோரும் சிரித்தார்கள். படம் பார்த்த சிரிப்பு அல்ல. வார்டில் அவள் சாணால் அளந்த தூரமும் பட்டறைக் கொக்கிகளின் தூரமும் ஒத்துவரவில்லை. ஒதுக்கி வைத்தபோது மாட்டின் முகத்துக்குக் கோழியின் பின்பக்கம் வந்து ஒட்டிக்கொண்டது. கோழிக்கு ஒட்டகக் கால்.

"வண்டு வெச்சு மறைக்கிற அளவுக்கு இல்லியே இது," என்றார் அச்சு இயந்திரம் ஓட்டுபவர். "யானை சைஸ் வண்டு வேணும்."

பூக்காரி திரையைக் கொஞ்சம் தள்ளினாள். கோழிக்கு மாட்டு வால் வந்தது. இன்னும் கொஞ்சம் தள்ளினாள். மாடு தன் வாலைத் திரும்பப் பெற்றது. அவள் மறுபடி மறுபடி தள்ளிப் பார்த்தாள். சிரித்தவர்கள் வேலையை விட்டுவிட்டு அருகில் வந்து நின்றார்கள்.

"கொக்கியை மாத்தித் தைக்கச் சொல்லட்டுமா?" என்று அக்கா கேட்டார்.

"வேண்டாம் அக்கா. இப்படியே போகட்டும்."

"நிச்சயமாத்தான் சொல்றியா?"

"நிச்சயமா."

"வேற யாராச்சும் இப்படிப் பண்ணியிருக்காங்களா?"

"தெரியல. பார்க்கல."

அக்கா துணியை மடிக்கச் சொல்லாமல், கம்பியோடு வண்டியில் ஏற்றச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை கொள்முதல் அதிகாரி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, திரையை இழுத்தார். தள்ளினார். மறுபடி இழுத்தார். வாசலில் இரண்டு பேர் கையெழுத்துக்காகக் காத்திருந்தார்கள்.

"இந்தக் கோழிக்கு மாட்டு வால் வருதே, இது தப்பா வந்ததா, வேணும்னே பண்ணதா?"

"முதல்ல தப்பு," என்றாள் பூக்காரி. "அப்புறம் வேணும்னே."

அவர் இன்னொரு முறை தள்ளிப் பார்த்தார். பிறகு, இதை எங்கும் பார்த்ததாக நினைவில்லை என்றார்.

ஜூன் முதல் வாரத்தில் வார்டின் எல்லாக் கட்டில்களுக்கும் திரை மாட்டப்பட்டது. பிள்ளைகள் ஓயாமல் இழுப்பதால் கொக்கிகள் பிய்கின்றன என்று நாத்தனார் புகார் சொன்னாள், பட்டறை தடித்த கொக்கிகளை அனுப்பியது. டிசைன் விற்கும் கம்பெனிக்கு அக்கா எழுதவில்லை. பூக்காரி போனைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். 'கண்டிப்பா' தொகுப்பு அதில் இன்னும் இருக்கிறது. மாட்டின் வயிற்று ஜன்னலில், ஓட்டுநர் இருக்கையில், காலில் மாவுக்கட்டுப் போட்ட ஒரு சிறுமி உட்கார்ந்திருக்கிறாள்.