இடப்பக்கக் கதவு

அடக்கம் முடிந்து திரும்பிய கார் வீட்டு வாசலில் நின்றதும், பின் இருக்கையிலிருந்த உறவினர் மூவரும் இறங்கி உள்ளே போய்விட்டார்கள். ஓட்டி வந்த மகனும் கைபேசியில் யாருக்கோ பதில் சொல்லியபடியே படியேறிவிட்டான். அவள் மட்டும் முன் இருக்கையில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

முதல் இரண்டு நிமிடம் அவளுக்கு எதுவும் தோன்றவில்லை. கார் நின்றுவிட்டது, இனி அவர் சுற்றி வருவார். பதினோரு வருடமாக அப்படித்தான். எஞ்சினை அணைப்பார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் பையில் வைப்பார். இறங்கி, முன்பக்கமாகச் சுற்றி வந்து, இடப்பக்கக் கதவை வெளியிலிருந்து திறப்பார். அது உள்ளிருந்து திறக்காது. அதன் ஜன்னலும் நாலு விரற்கடைக்கு மேல் இறங்காது. போன வாரம் மழையில்கூட, நெஞ்சைத் தடவிக்கொண்டே குடையோடு சுற்றி வந்தார். "பார்த்துக் கத்துக்கோங்க" என்று எதிர்வீட்டுக்காரி தன் கணவனுக்குப் புத்தி சொன்னதும் உண்டு. "அது மரியாதை இல்லம்மா, ரிப்பேர்" என்று விளக்கம் சொல்லி இவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

மூன்றாவது நிமிடத்தில்தான், சுற்றி வர ஆள் இல்லை என்பது உறைத்தது.

கால் மணி நேரம் கழித்து மகன் ஓடிவந்தான்.

"அம்மா! உன்னை வீடு பூரா தேடுறோம். இங்கயே உக்காந்திருக்கியா?"

"கதவு உள்ளேருந்து திறக்காதுடா."

"அந்தப் பக்கமா இறங்கியிருக்கலாம்ல? ஒரு ஹாரனாவது அடிச்சிருக்கலாம்ல?"

"கியரைத் தாண்டிக் குதிக்க எனக்கென்ன பதினாறு வயசா? இன்னிக்கு இந்த வாசல்ல ஹாரன் வேற அடிக்கணுமா?"

அவன் வெளியிலிருந்து கதவை இழுத்தான்; உடனே திறந்தது. டாக்டர் பார்ப்பதுபோல அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தான்.

அந்தப் பார்வையின் பொருள் சாயங்காலம் புரிந்தது. வரமுடியாமல் வெளியூரில் மாட்டிக்கொண்ட தங்கையிடம் அவன் பேசுவது சமையலறைக்குக் கேட்டது.

"தனியா விட முடியாது. கார்லேருந்து இறங்கணும்னுகூடத் தோணாம அப்படியே உக்காந்திருக்காங்க. ஞாயித்துக்கிழமை என்கூடவே கூட்டிட்டுப் போயிடுறேன். வீட்டைப் பூட்டிடலாம். அந்த ஓட்டைக் காரை யார் தலையிலயாவது கட்டிடலாம்."

அவள் குழாயை மூடிவிட்டு நின்றாள். முன்னறையில் மூன்று தையல் மிஷின்களும் துணி மூடிக் கிடந்தன. பள்ளி திறக்க மூன்று வாரம் இருந்தது. வெட்டி வைத்த சீருடைத் துணி அலமாரி நிறைய இருந்தது. திங்கட்கிழமை நாலு பெண்கள் வேலைக்கு வருவார்கள். மகனோடு வாதாடலாம். ஆனால் புத்தி தெளிவாக இருக்கிறது என்று வாதாடுகிற ஆளைத்தான் முதலில் சந்தேகப்படுவார்கள். அவள் கையைத் துடைத்துக்கொண்டு மெக்கானிக்குக்குப் போன் செய்தாள்.

மெக்கானிக்கை எல்லோரும் 'நட்டு' என்றே கூப்பிடுவார்கள். மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் கருவிப் பையோடு வந்து, துக்கம் விசாரிக்கத் தெரியாமல் காரைத் தடவிக்கொண்டு நின்றார்.

"நாளைக்குப் பார்க்கலாமே அக்கா. இன்னிக்குப் போயி..."

"இன்னிக்கே பாருங்க. பார்ட்ஸ் கிடைக்கலைன்னு பதினோரு வருஷமா சொல்லிட்டு இருந்தார்."

"என்கிட்ட ஒரு தடவைகூடக் கேட்டதில்லையே! வண்டி சர்வீஸுக்கு வரும்போதெல்லாம், 'எல்லாத்தையும் பாரு நட்டு, அந்தக் கதவுல மட்டும் கை வைக்காத'ன்னுதான் சொல்லுவார்."

திருகாணிகளை வரிசையாக ஒரு துணியில் அடுக்கிவிட்டு, கதவின் உள் அட்டையை அவர் மெல்லப் பெயர்த்தார். அவள் டார்ச்சைப் பிடித்தாள். நட்டு தலையை உள்ளே விட்டு விரலால் துழாவினார்.

"அக்கா... லாக்குக்கு ஒண்ணுமே இல்ல. இதை நீங்களே பாருங்க."

கைப்பிடியிலிருந்து பூட்டுக்குப் போகவேண்டிய மெல்லிய கம்பியை யாரோ கழற்றி, ஓரமாக இழுத்து, சணலால் கட்டியிருந்தார்கள். நாலு சுற்று, இரண்டு முடிச்சு. முடிச்சின்மேல் பட்டாணி அளவு சிவப்பு அரக்கு. அரக்கின்மேல் ஒரு கட்டைவிரல் தடம்.

அவருக்கு முப்பத்தோரு வருடம் தபால் ஆபீஸ் பார்சல் பிரிவில் வேலை. வீட்டில் பழைய செய்தித்தாளைக்கூட அப்படித்தான் கட்டுவார்.

பதினோரு வருடம் முன்பு, ஒரு கல்யாணத்துக்குப் போகும் வழியில், வலப்பக்கமா இடப்பக்கமா என்று தொடங்கிய பேச்சு அவளுடைய பிறந்த வீட்டை இழுப்பதில் போய் நின்றது. சிவப்பு விளக்கில் கார் நின்றதும் அவள் கதவைத் திறந்து இறங்கி, திரும்பிப் பாராமல் நடந்துவிட்டாள். தோழி வீட்டில் சாப்பிட்டு, ஒரு தூக்கமும் போட்டுவிட்டுச் சாயங்காலம் வீடு வந்தபோது, அவர் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஒவ்வொரு பஸ் ஸ்டாப்பாகத் தேடியிருக்கிறார். "தண்ணி வேணுமா?" என்று மட்டும் கேட்டார். அடுத்த வாரம் கதவு கெட்டுப்போயிற்று.

அவளுக்கு முதலில் கோபம்தான் வந்தது. இறங்கிப் போகாதே என்று வாயால் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதற்கு மாட்டார். அரக்கை உருக்கி, விரல் சுட்டுக்கொண்டு, கதவைப் பிரித்து மாட்டத் தெரியும். அதன்பிறகு மழையென்றும் வெயிலென்றும் பாராமல் சுற்றி வரவும் தெரியும்.

திடீரென்று அவள் சிரித்தாள். அடக்கப் பார்த்தும் முடியவில்லை. டார்ச் வெளிச்சம் கதவுக்குள் குதித்தது. சத்தம் கேட்டு மகன் வெளிறிப்போய் ஓடிவந்தான்.

"அம்மா, என்னாச்சு?"

"உங்கப்பா என்னைப் பார்சல் கட்டி வச்சிருந்தாருடா. பதினோரு வருஷம். சீல்கூட வச்சிருக்கார், பாரு."

அவன் குனிந்து பார்த்தான். கட்டைவிரல் தடத்தைத் தொடப்போய், தொடாமல் கையை எடுத்துக்கொண்டான்.

"நேத்து நீ ஒண்ணும்... அதான் கதவு திறக்கலையா?"

"அதைத்தானேடா நேத்தே சொன்னேன்?"

நட்டு கட்டரை எடுத்தார். "அறுத்துடவா அக்கா?"

"வேண்டாம். சணலை அறுத்தா அவருக்குப் பிடிக்காது."

அவள் உள்ளே போய்த் தையல் ஊசியோடு வந்தாள். அரக்கை உடையாமல் நெம்பி எடுத்து பட்டன் டப்பாவில் போட்டாள். முடிச்சு அவிழப் பத்து நிமிடம் ஆயிற்று. இருவரும் பொறுமையாக நின்றார்கள். சணலை விரலில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டாள். நட்டு கம்பியைப் பொருத்தியதும், அவள் உள்ளே உட்கார்ந்து கைப்பிடியை இழுத்தாள். டக். கதவு திறந்தது. சாத்தினாள். மறுபடி இழுத்தாள். தடுத்துக்கொண்டிருந்த சணல் போனதால் ஜன்னலும் அடிவரை இறங்கியது.

"ஓட்ட ஒரு ஆள் பார்த்துத் தரவா அக்கா?" என்றார் நட்டு. "இல்ல, நீங்களே கத்துக்கிறீங்களா?"

"முதல்ல பட்டன் வாங்கணும். நீலம் தீர்ந்துபோச்சு."

மகன் சாவியை எடுத்துக்கொண்டான். கடைத்தெருவுக்குக் காரை விட்டான். ஒரு திருப்பத்தில் அவள், "வலது பக்கம்" என்றாள். அவன் திரும்பினான்.

"திங்கக்கிழமை எத்தனை பேர்ம்மா வருவாங்க?"

"நாலு பேர்."

"சமாளிச்சுடுவியா?"

"பட்டன் கிடைச்சா சமாளிச்சுடுவேன்."

கடை வாசலில் காரை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, அவன் இறங்கி முன்பக்கமாகச் சுற்றி வந்து, கைப்பிடிக்குக் கையை நீட்டினான்.

அவள் அதற்குள் இறங்கி, கடைப் படியேறி, நீலத்தில் எத்தனை டஜன் இருக்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் திறந்தபடி விட்டுப்போன கதவை அவன் மெதுவாகச் சாத்தினான்.