நனையாத கொட்டகை

ஒடீல் ட்ரஹானுக்குச் சுத்தம் என்றால் பைத்தியம். லேக் சார்ல்ஸ் ஊருக்குத் தெற்கே அந்தத் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பள்ளிப் பேருந்து ஓட்டிய காலத்திலேயே, சேற்றுக் காலோடு ஏறும் பிள்ளையைப் படியில் நிறுத்தித் துடைக்க வைத்தவள். புயல் வந்து கூரையில் பாதியைப் பிய்த்துப் போட்டு, படுக்கையறை முழுக்க மழையில் ஊறிக் கிடந்தபோது அவளுக்கு முதலில் வெட்கம்தான் வந்தது. பயமெல்லாம் அப்புறம்.

"இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து பாக்குற வரைக்கும் ஒண்ணையும் தொடாதே," என்று பக்கத்து வீட்டு குளோவிஸ் தலைதலையாய் அடித்துக்கொண்டான்.

"முன்னப்பின்ன தெரியாதவங்க வீட்டுக்குள்ள வர்றப்போ இந்த நாத்தத்தையா காட்டச் சொல்றே?"

"நாத்தத்துக்குத்தான் காசு குடுப்பாங்க ஒடீல்!"

"முதல்ல உன் வாசலைப் பாரு. அப்புறம் எனக்குப் புத்தி சொல்லு."

அவன் வாசலைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமா! ஓடாத படகு இஞ்சின், கால் உடைந்த நாற்காலி, யாரோ வீசிய கதவு, எல்லாவற்றுக்கும் அங்கே இடம் உண்டு. வருஷக்கணக்காக ஒடீல் வேலியோரம் நின்று திட்டியும் அவன் ஒரு திருகாணியைக்கூட எறிந்ததில்லை.

அவள் அவன் பேச்சைக் கேட்கவில்லை. இருந்த சேமிப்பை வழித்துப் போட்டுப் புதுக் கூரை போட்டாள். ஊறிய சுவர்ப் பலகைகளைப் பிய்த்து, விழுந்து கிடந்த கூரைப் பலகைகளையும் மெத்தையையும் இழுத்து, தெருவோரம் தள்ளினாள். மிஞ்சிய மரச்சட்டங்களைப் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தாள். மறுநாள் பார்த்தால் தெருவோரம் காலி. குப்பை லாரி வந்து போயிருக்கும் என்று நிம்மதியாகக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

பல வாரம் கழித்துத்தான் சர்வேயர் வந்து சேர்ந்தாள். ஒஹாயோவிலிருந்து வந்த சின்னப் பெண், பெயர் டெனிஸ். அந்த மாவட்டமே அவளுக்காகக் காத்துக் கிடந்தது. சுவரில்லாத அறைகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "வீடு ரொம்ப சுத்தமா இருக்கு, மிஸ் ஒடீல்," என்றாள். ஒடீலுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அவள் புத்தி அப்படி.

"எவ்வளவு தண்ணி வந்துச்சு?"

"கொஞ்சம்தான்மா. எத்தனையோ பேருக்கு இதைவிட மோசம்."

டெனிஸ் எழுதுவதை நிறுத்தினாள். "அப்படிச் சொல்லாதீங்க. காத்து கூரையைப் பிச்சதாலதான் மழை உள்ள வந்துச்சுன்னு நான் காட்டணும். இங்க காட்ட ஒண்ணுமே இல்லையே. போட்டோ இருக்கா?"

"அலங்கோலத்தைப் போய் யாராவது போட்டோ எடுப்பாங்களா?"

"பழைய கூரை ஏற்கனவே ஒழுகிட்டிருந்ததுன்னு ஆபீஸ்ல சொன்னா, என்கிட்ட பதில் கிடையாதுங்க."

கையில் காசில்லை. சுவர் எழுப்பாமல் குளிர்காலத்தைத் தள்ள முடியாது. வீட்டை வந்த விலைக்கு விற்றுவிட்டு, ஹூஸ்டனில் தங்கை வீட்டுப் பின்னறையில் கடைசி வரைக்கும் முடங்கிக் கிடக்க வேண்டியதுதான். தன் கையாலேயே தன் வீட்டைக் கழுவி ஊற்றிவிட்டோமே என்று நொந்துபோனாள்.

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து குளோவிஸ் கூப்பிட்டான். "ஒடீல், அந்தப் பொண்ணை இங்க கூட்டிட்டு வா."

அவன் தன் தகரக் கொட்டகையின் கதவைத் திறந்தான். ஆணியோடு பிடுங்கி எறியப்பட்ட கூரைப் பலகைகள், இலைச் சக்கை அப்பிய உட்கூரைத் துண்டுகள், பைன் மரத்து ஊசியிலைகள் குத்திய மெத்தை. ஒடீல் தெருவோரம் தள்ளிய அத்தனையும் அங்கே அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. உட்கூரைத் துண்டில், ஒடீலின் படுக்கையறை ஜன்னல் சட்டத்தில் இன்னும் ஒட்டியிருக்கும் அதே வெளிர்நீலப் பூச்சு.

டெனிஸ் மெதுவாகக் கேட்டாள். "இதெல்லாம் உங்களோடதா?"

ஒடீலுக்கு முகமெல்லாம் எரிந்தது. கறை பிடித்த தன் மெத்தையை ஊர் பார்க்க இழுத்துப் போட்ட மாதிரி இருந்தது. இல்லை என்று சொல்லிவிட நாக்கு துடித்தது. குளோவிஸ் அவளைப் பார்க்காமல் வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றான்.

"என்னோடதுதான்," என்றாள். "கொஞ்சம் தண்ணி இல்ல. குளிக்கிற தொட்டிக்குள்ள தலைகாணியைத் தலைமேல வச்சிக்கிட்டுச் சுருண்டு கெடந்தேன். கூரை பிச்சிக்கிட்டுப் போற சத்தம் கேட்டுச்சு. விடிஞ்சு வந்து பாத்தா கட்டிலுக்கு மேல வானம்." புயல் போனதிலிருந்து சிந்தாத கண்ணீரெல்லாம் அங்கே கொட்டியது.

டெனிஸ் ஒவ்வொரு துண்டாகப் படமெடுத்தாள். பலகைகளைப் புரட்டிப் பார்த்தாள். "மரம் இத்துப்போகவே இல்ல. ஆணி பிடுங்கின விதத்துலயே காத்தோட வேலை தெரியுது. இது போதும், மிஸ் ஒடீல். நான் எழுதிடறேன்."

ஒடீல் கண்ணைத் துடைத்தபோதுதான் சுற்றிலும் பார்த்தாள். கொட்டகைக்குள் ஒரு சொட்டு ஈரமில்லை. வெளியே பெக்கான் மரத்தடியில் குளோவிஸின் கட்டிலும் சாய்வு நாற்காலியும் மழையில் உப்பிக் கிடந்தன. அவன் வீட்டின் மேல் கிழிந்த நீலத் தார்ப்பாய். பிக்கப் வண்டியின் முன்சீட்டில் ஒரு போர்வை, ஒரு தலையணை.

"உன் சாமானெல்லாம் மழையில கெடக்கு. என் குப்பைக்கு எதுக்குடா கூரை?"

"உன்னோடதைத்தான் பாக்க ஆள் வரும்." குளோவிஸ் தொப்பியைச் சரிசெய்துகொண்டான். "என்னைத்தான் இன்சூரன்ஸ் கம்பெனி போன வருஷமே கைகழுவிடுச்சே. நான் யாருக்குக் காட்டப் போறேன்?"



ஒடீல் விறுவிறுவென்று நடந்து போய்த் தன் வீட்டுக் கதவை அகலத் திறந்து வைத்தாள். "வா. முன்னறையில படுத்துக்கோ. கூரை புதுசு."

குளோவிஸ் வாசற்படி வரை வந்து, பழைய பயத்தில், சேறு அப்பிய பூட்ஸைக் கழற்றக் குனிந்தான்.

"கழட்டாதே," என்றாள் ஒடீல். "அப்படியே உள்ள வா."