புதன்கிழமை பதினொரு மணி வரை

நாற்பத்தொன்பது மணி நேரம் இருந்தது. திங்கட்கிழமை காலை பத்து மணிக்குக் கல்லூரிக் கருத்தரங்கின் அழைப்பிதழ் என் மேசைக்கு வந்தது. அதில் புதன்கிழமை பதினொரு மணிக்கு நேராக வேதியியல் துறை அமலராணி மேடத்தின் பெயர் அச்சாகியிருந்தது.

தாம்பரத்தில் ஒரு கல்லூரியின் இன்குபேட்டரில் நான் உதவியாளர். ஆராய்ச்சி செய்கிறவர்கள் கண்டுபிடித்ததைத் தொழிலாக மாற்ற உதவும் அலுவலகம். பெயர்ப்பலகையைப் பார்த்துவிட்டுக் குறைமாதக் குழந்தையைத் தேடி ஒருவர் வந்திருக்கிறார். வாசல் காவலாளி குப்பன் அண்ணன், யார் கேட்டாலும் ஒரே விளக்கம்தான் சொல்வார்: "முட்டைய உள்ள வெச்சிகினு குஞ்சு பொரிக்கிற ஆபீஸு. ஆனா இதுவரிக்கும் ஒரு குஞ்சு கூட வெளிய வர்ல."

அது உண்மைதான். சென்ற வருடம் ஒரு இயற்பியல் பேராசிரியர் தன் கண்டுபிடிப்பு முழுவதையும் கல்லூரி மலரில் கட்டுரையாக எழுதிவிட்டார். அச்சிலோ மேடையிலோ வெளியே வந்துவிட்டால் பிறகு காப்புரிமை கேட்க முடியாது. அவருக்கு வருத்தமே இல்லை. கட்டுரை நன்றாக வந்திருந்தது என்றார்.

அமலராணி மேடத்தின் கண்டுபிடிப்பு ஒரு பழுப்புப் பொடி. இரும்பு உதிரிபாகங்களுக்கு முலாம் பூசுமுன் அமிலத்தில் முக்கித் துருவை எடுப்பார்கள். அமிலம் துருவோடு நிற்காது, இரும்பையும் தின்னும். மேடத்தின் பொடியை ஒரு கை போட்டால் துரு மட்டும் போகும். இதற்கு ஒன்பது வருடம் உழைத்திருக்கிறார். மறைமலை நகரில் முலாம் பட்டறை வைத்திருக்கும் லோகநாதன் தன் தொட்டியிலேயே போட்டுப் பார்த்துவிட்டு, காப்புரிமை விண்ணப்ப எண் கிடைத்த அன்றே பொடி தயாரிக்க இடமும் ஆளும் தருவதாகச் சொல்லியிருந்தார். எண் இல்லையென்றால் இல்லை. பொடி எதிலிருந்து வருகிறது என்று அவருக்கும் தெரியாது. மேடத்துக்கும் எங்கள் மேலாளர் ஸ்ரீநிவாசராகவன் சாருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

அழைப்பிதழைப் பார்த்ததும் சார் மேடத்தை வரச் சொன்னார்.

"பேர் குடுத்து ரெண்டு மாசம் ஆச்சே சார்," என்றார் மேடம். "நீங்க கேக்கவே இல்லையே."

"பேசுங்க. பொடிக்கு எக்ஸ்னு பேர் வச்சுக்குங்க. அது என்னன்னு மட்டும் சொல்லாதீங்க."

"யாராவது கேட்டா?"

"இருமுங்க."

"நான் கெமிஸ்ட் சார், நடிகை இல்ல. சயின்ஸ்ல ஒளிச்சு வச்சா அதுக்குப் பேரு மந்திரவாதம். கேட்டா சொல்லிடுவேன்."

அவர் சொல்லிவிடுவார் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். அதனால் அவர் மேடையேறுமுன் கொடுத்துவிட, காப்புரிமை விண்ணப்பம் எழுத உட்கார்ந்தோம். நான் "இரும்பைக் காக்கிறது" என்று எழுதினால் மேடம் அடித்துவிட்டு, "எங்கள் சோதனைகளில் காப்பதாகத் தோன்றுகிறது" என்று எழுதுவார். சார் அதை அடிப்பார். பதினொரு பக்கம் முடியச் செவ்வாய் மாலை ஆகிவிட்டது. கல்லூரி முதல்வர் வெளியூரிலிருந்து திரும்பிக் கையெழுத்துப் போட்டபோது கிண்டி காப்புரிமை அலுவலகம் மூடியிருந்தது.

அன்று இரவு பொழிச்சலூரில் என் தம்பி சாஜித் கேட்டான். "அப்டி இன்னா ரகசியம், மெஹ்னாஸ்? அணுகுண்டா?" நான் அவன் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தேன். சின்ன வயதிலிருந்து என்னைச் சத்தமாகப் பேசு என்று சொல்லாதவர்கள் இல்லை. பேசாமல் இருப்பதற்குச் சம்பளம் கிடைத்தது இந்த வேலையில்தான்.

புதன்கிழமை பத்து மணிக்குக் கிண்டியில் வரிசையில் நான்காவது ஆளாக நின்றேன். பத்தரைக்கு என் முறை வந்தது. கவுண்டரில் இருந்தவர் தாள்களைப் புரட்டிவிட்டு, "தலைப்ப வாசிம்மா, சரி பார்த்துக்கறேன்" என்றார். பின்னால் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். நான் தாளை அவர் பக்கம் திருப்பித் தலைப்பின்மேல் விரலை வைத்தேன்.

"தொண்டை கட்டிக்கிச்சா?"

தலையாட்டினேன். அவர் மெதுவாகத் தனக்குள் படித்தார். ஒரு சொல்லில் நின்று என்னை நிமிர்ந்து பார்த்தார். உதட்டோரம் லேசாகச் சிரித்தது போல இருந்தது. பிறகு முத்திரை குத்தினார். பத்து ஐம்பத்தெட்டுக்கு எண் என் கையில் இருந்தது.

மேடத்தின் போன் அணைக்கப்பட்டிருந்தது. அரங்கில் இருந்த சாரின் போனும் அப்படியே. ரயில் நிலையத்துக்கு ஓடிக்கொண்டே மறுபடி மறுபடி முயன்றேன். பதினொன்று பத்துக்கு நடைமேடையில் மூச்சு வாங்க நின்றபோதுதான் குப்பன் அண்ணன் நினைவு வந்தது. மழைக்காலத்தில் கேட்டருகே தண்ணீர் நிற்கிறதா என்று கேட்க அவர் எண்ணை வாங்கி வைத்திருந்தேன்.

"அண்ணா, ஹாலுக்குள்ள போங்க. நம்பர் கெடச்சிடுச்சுன்னு மேடம்கிட்ட சொல்லுங்க. போன வைக்காதீங்க."

"உள்ள மீட்டிங் நடக்குதும்மா. பேஜாராய்டும்."

"பரவால்ல. ஓடுங்கண்ணா."

நான் யாரையும் அதற்குமுன் ஓடச் சொன்னதில்லை. பூட்ஸ் சத்தம் கேட்டது. கதவு கிறீச்சிட்டது. தூரத்தில் யாரோ ஆங்கிலத்தில், அந்த எக்ஸ் எதிலிருந்து எடுக்கப்பட்டது என்று கேட்டார்கள். மேடம் இருமினார். நாடகத்தில்கூட யாரும் அவ்வளவு மோசமாக இருமமாட்டார்கள். மறுபடி இருமினார். "தண்ணி வேணுமா மேடம்?" என்றது ஒரு குரல். "வேண்டாம். நான் சொல்லிடறேன்," என்றார் மேடம்.

அப்போது என் காதையே அடைக்கும்படி குப்பன் அண்ணனின் குரல் எழுந்தது.

"மேடம், குஞ்சு பொரிச்சிடுச்சாம். மெஹ்னாஸ் பொண்ணு நம்பர் வாங்கிச்சு."

பிறகு அரங்கம் சிரித்தது. அதற்கு நடுவே சாரின் சிரிப்பு தனியாகக் கேட்டது. அவர் சிரித்து நான் கேட்டதேயில்லை. மேடம் தொண்டையைச் செருமி, "எக்ஸ் என்பது ஒண்ணும் பெரிய..." என்று தொடங்கும்போது கடற்கரை போகும் ரயில் எதிர்ப்பக்கம் இரைந்துகொண்டு வந்தது. மீதி கேட்கவில்லை.

பக்கத்தில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த அக்கா இவ்வளவு நேரமும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாமா, தனியா சிரிச்சிகினு கீற? நல்ல சேதியா?"

"ஆமாக்கா."

"இன்னா சேதி?"

ரயில் சத்தத்துக்கு மேல் கேட்கவேண்டும் என்பதற்காக நான் கத்தவேண்டியிருந்தது. நடைமேடையில் நான்கைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"வெங்காயச் சருகுக்கா. ஆசிட் இரும்பைத் தின்னாம காப்பாத்தறது வெங்காயச் சருகு."