இரண்டு ஃபிரிட்ஜ், ஒரு மீட்டர்

நான் அவருக்கு எண்ணூற்று நாற்பது ரூபாய் பாக்கி என்றார் மாடிவீட்டு தனசிங். ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே கரண்ட் மீட்டர். பில்லைப் பாதி பாதியாகக் கட்டிவந்தோம்.

"என்னுது ஃபைவ் ஸ்டார் ஃபிரிட்ஜுண்ணா. உன்னுது த்ரீ ஸ்டாரு. வருஷம் பூரா உன்னுதுதான் கரண்ட்டக் குடிச்சிகினு கீது. துட்டக் குடு, இல்ல அத்த ஆஃப் பண்ணு."

விற்காத மீனை என் மனைவி அங்காளம்மா அதில் வைத்துத்தான் மறுநாள் விற்கிறாள். அதை நிறுத்தினால் அவள் வியாபாரம் போச்சு.

கட்டட வேலையில் கல் சுமந்த அலுப்போடு ஃபிரிட்ஜ் முன்னால் உட்கார்ந்து, அதில் ஒட்டியிருந்த லேபிளை எழுத்துக்கூட்டிப் படித்தேன். வருடத்துக்கு 165 யூனிட் என்று போட்டிருந்தது. அப்படியானால் அவருடையதில் எவ்வளவு இருக்கும்? தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை. மாடியேறிப் போய்ப் பார்த்தேன். ஆளுயர ஃபிரிட்ஜ். ஐந்து நட்சத்திரம், 230 யூனிட்.

"இன்னாபா இது, ஸ்டாரும் ஜாஸ்தி, தீனியும் ஜாஸ்தியா கீதே?" என்று தனசிங்கிடம் கேட்டேன்.

தனசிங்கின் மனைவி எப்சி குனிந்து பார்த்தார்.

"ஒரே சைஸ் ஃபிரிட்ஜுங்கள ஒப்பிட்டுத்தாங்க ஸ்டார் போடுவாங்க. நம்மது பெருசாச்சே. கணக்குப் பார்த்தா நாமதான் அண்ணனுக்குத் தரணும்."

தனசிங் தலையைச் சொறிந்தார்.

"சரி வுடுண்ணா, அந்த எண்ணூத்தி நாப்பது வேணாம். எப்பவும் போல பாதி பாதியே கட்டிக்கலாம்."